12 சதவீதம் என்றால் எவ்வளவு? ஊதிய ஒப்பந்தத்தின் கணக்கும் வாசகமும்

மூன்று வருட ஒப்பந்தம், மொத்தம் 12 சதவீத உயர்வு என்று நிர்வாகம் சொல்கிறது. இதை வருடத்துக்கு 4, 4, 4 என்று பிரிக்கலாம். 6, 3, 3 என்றும் பிரிக்கலாம். 3, 3, 6 என்றும் பிரிக்கலாம். நோட்டீஸ் போர்டில் மூன்றும் ஒரே 12தான். மூன்றாம் வருடம் சம்பளம் போய் நிற்கும் இடத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. 100 ஆக இருந்தது மூன்று வகையிலும் 112.5ஐ ஒட்டி நிற்கும். ஆனால் அந்த மூன்று வருடத்தில் தொழிலாளி கையில் கூடுதலாக வந்த பணத்தைக் கூட்டிப் பாருங்கள். 4-4-4 என்றால் ஒரு வருடச் சம்பளத்தில் 24.6 சதவீதம். 6-3-3 என்றால் 27.6. 3-3-6 என்றால் 21.5 மட்டும். முன்னால் கொடுப்பதற்கும் பின்னால் கொடுப்பதற்கும் நடுவில் ஒரு வருடச் சம்பளத்தில் 6 சதவீதம் காணாமல் போகிறது. ஏறத்தாழ 22 நாள் சம்பளம்.

இந்தக் கணக்கை மேசையில் உட்கார்ந்து போட முடியாது. போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். பேச்சுவார்த்தை என்றால் அனல் பறக்கும் வாதம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. வாதத்துக்கும் இடம் இருக்கிறது, ஆனால் தொழிற்சங்கங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான்: ஒன்று கணக்கு, இன்னொன்று ஒப்பந்த வாசகம். இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த இரண்டுக்கும்தான்.

தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பழைய ஒப்பந்தத்தை எடுத்து முதலில் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். அது என்று முடிகிறது, முடித்துக்கொள்ள எத்தனை நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் தானாகப் புதுப்பிக்கப்படுமா? 60 நாள் அல்லது 90 நாள் முன்னறிவிப்பு என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதைத் தவறவிட்டு, இன்னொரு வருடம் பழைய சம்பளத்திலேயே மாட்டிக்கொண்ட சங்கங்கள் உண்டு.

முடியும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே தகவல் சேகரிப்பு தொடங்க வேண்டும். நான்கு மாதம் இருக்கும்போது உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்பு. மூன்று மாதம் இருக்கும்போது கோரிக்கைப் பட்டியலின் வரைவும் பொதுக்குழு ஒப்புதலும். அதற்குப் பிறகே முன்னறிவிப்பும் கோரிக்கை மனுவும் நிர்வாகத்தின் கைக்குப் போக வேண்டும். முன்னறிவிப்புக்கு 90 நாள் கேட்கும் ஒப்பந்தமாக இருந்தால் இந்த மொத்த வரிசையையும் இன்னும் ஒரு மாதம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள். மனு கொடுத்ததற்குக் கையெழுத்துடன் ஒப்புகை வாங்குவது சின்ன விஷயம் போலத் தெரியும். நிலுவைத் தொகை எந்தத் தேதியிலிருந்து என்ற சண்டை வரும்போது அந்த ஒரு தாள்தான் பேசும்.

தகவலில் முதலில் வேண்டியது தலைக்கணக்கு. கிரேடு வாரியாக எத்தனை பேர், சராசரி சர்வீஸ் எவ்வளவு, ஒப்பந்தக் காலத்துக்குள் ஓய்வு பெறுபவர்கள் எத்தனை பேர், கடந்த 12 மாதத்தில் போட்ட ஓவர்டைம் மணிநேரம் எவ்வளவு. அடுத்தது நிறுவனத்தின் கணக்கு: மொத்தச் செலவில் தொழிலாளர் செலவின் பங்கு, மூன்று வருட லாப நட்டம், கையில் உள்ள ஆர்டர். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் ஆண்டறிக்கையில் பாதி கிடைத்துவிடும். இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். அர்த்தமுள்ள பேச்சுவார்த்தைக்குத் தேவையான தகவலை நிர்வாகம் தர வேண்டும், வெளியே போனால் பாதகம் என்றால் ரகசியம் காப்போம் என்ற உறுதியோடு தரலாம் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 163ஆவது பரிந்துரை 1981இலேயே சொல்லிவிட்டது. பரிந்துரைக்குச் சட்ட வலு இல்லை. ஆனாலும் கடிதத்தில் மேற்கோள் காட்டினால், மறுப்பவர் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

எழுபது கோரிக்கை வேண்டாம்

ஒவ்வொரு பிரிவிலிருந்தும் வந்ததையெல்லாம் சேர்த்தால் கோரிக்கை எழுபதைத் தாண்டும். அப்படியே மனுவில் போட்டால் எது முக்கியம் என்பதை நிர்வாகமே முடிவு செய்துவிடும். மலிவானவற்றில் இருபதைக் கொடுத்துவிட்டு, "இருபது கோரிக்கையை ஏற்றுக்கொண்டோம்" என்று சுற்றறிக்கை போடும். அதற்குள் சம்பள உயர்வு கரைந்துபோயிருக்கும்.

உறுப்பினர்களிடம் "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். பத்து விஷயத்தைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள், பெயர் எழுதாமல், கிரேடும் சர்வீஸும் மட்டும் குறித்து. அப்போதுதான் யாருக்கு எது வேண்டும் என்பது தெரியும். ஐந்து வருட சர்வீஸ் உள்ளவர் அடிப்படைச் சம்பளத்தை முதலில் வைப்பார். இருபத்தைந்து வருடம் ஆனவர் மருத்துவத்தையும் ஓய்வுக்காலப் பலனையும் வைப்பார். ஷிப்டில் இருக்கும் பெண் தொழிலாளிக்குப் போக்குவரத்து முதலில் வரலாம். சங்கத்துக்குள்ளேயே நடக்கும் இந்தப் பேச்சுவார்த்தைதான் உண்மையில் கடினமானது. இதை முடிக்காமல் நிர்வாகத்தின் முன்னால் போனால், மேசைக்கு எதிரே ஒரு எதிர்த்தரப்பும் மேசைக்கு இந்தப் பக்கம் இன்னொன்றும் இருக்கும்.

பன்னிரண்டு முதல் பதினைந்து கோரிக்கை போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள்: இப்போதுள்ள ஷரத்து, நாம் கேட்கும் வாசகம், காரணம் இரண்டு வரி, வருடச் செலவு எவ்வளவு, எதுவரை இறங்கலாம். கடைசி இரண்டும் உள்தாள். மனுவோடு சேர்த்து ஜெராக்ஸ் எடுத்துவிட வேண்டாம்.

செலவுக் கணக்கு

அடிப்படைச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஓய்வு நிதிக்கு நிர்வாகப் பங்கு 12, பணிக்கொடைக்கு 5, ஓவர்டைமுக்கு 8 என்று அடிப்படையோடு சேர்ந்து ஏறும் இனங்கள் 25 வரை இருக்கலாம். இடத்துக்கு இடம் எண் மாறும், முறை மாறாது. அப்படியானால் அடிப்படையில் 10 கூட்டினால் நிர்வாகத்துக்கு ஆகும் செலவு 10 இல்லை, 12.5. அதே 10ஐ எதோடும் ஒட்டாத ஒரு தனிப்படியாகக் கொடுத்தால் செலவு 10தான். நிர்வாகம் படிகளாகக் கொடுக்க ஆசைப்படுவதும் சங்கம் அடிப்படையில் கேட்பதும் இதனால்தான். "எல்லாம் ஒரே பணம்தானே" என்று யாராவது சொன்னால், ஓய்வு பெறும் நாளில் அது ஒரே பணமா என்று கேளுங்கள்.

அடுத்தது சதவீதமா, எல்லோருக்கும் ஒரே தொகையா என்பது. நூறு பேர் உள்ள ஒரு யூனிட். சம்பளம் 100 வாங்குபவர் 50 பேர், 150 வாங்குபவர் 30 பேர், 250 வாங்குபவர் 20 பேர். மொத்தச் சம்பளம் 14,500. இதில் 10 சதவீத உயர்வு என்றால் செலவு 1,450. கீழே உள்ளவருக்கு 10, நடுவில் உள்ளவருக்கு 15, மேலே உள்ளவருக்கு 25 கிடைக்கும். அதே 1,450ஐச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 14.5, கீழே உள்ளவருக்கு அது 14.5 சதவீதம், மேலே உள்ளவருக்கு 5.8 சதவீதம். பாதிக்குப் பாதி கலந்தால், அதாவது 5 சதவீதமும் ஆளுக்கு 7.25உம் என்றால், 12.25, 14.75, 19.75 என்று வரும். மூன்றுக்கும் நிர்வாகத்தின் செலவு ஒன்றே. ஆகவே இது நிர்வாகத்தோடு போடும் சண்டையே இல்லை. பொதுக்குழுவில் தீர்க்க வேண்டியது. இங்கே என் சார்பு கலப்பு முறைக்குத்தான். முழுச் சதவீதமாகவே நான்கைந்து ஒப்பந்தம் போனால் கிரேடுகளுக்கு இடையே உள்ள தூரம் தொகையில் பெருத்துவிடும். முழுச் சமத்தொகையாகவே போனால் திறன் வாய்ந்த கிரேடுக்கு ஏறுவதில் அர்த்தம் இல்லாமல் போகும்.

ஒரே தடவையாகக் கொடுக்கும் தொகையில் எச்சரிக்கை வேண்டும். 4 சதவீதத்தை அடிப்படையில் சேர்ப்பதும், வருடச் சம்பளத்தில் 4 சதவீதத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுப்பதும் முதல் வருடம் ஒன்றாகத் தெரியும். இரண்டாம் வருடம் முதலாவது அப்படியே இருக்கும், இரண்டாவது பூஜ்யம். கையெழுத்து போட்டவுடன் ஒரு தொகை என்றால் பொதுக்குழுவில் கைதட்டல் நிச்சயம், அதனால்தான் அது கடைசி நாளில் மேசைக்கு வருகிறது.

பஞ்சப்படி அல்லது விலைவாசியோடு இணைந்த உயர்வு இருந்தால் நான்கு விஷயத்தைப் பாருங்கள்: எந்தக் குறியீட்டு எண், எத்தனை மாத சராசரி, எவ்வளவு தாமதத்தில் சம்பளத்தில் ஏறும், உச்சவரம்பு உண்டா. ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதை எழுத மறந்துவிடுகிறார்கள். அரசு அந்தக் குறியீட்டின் அடிப்படை ஆண்டை மாற்றினால் என்ன செய்வது? பழைய வரிசையில் 360 ஆக இருந்த அதே மாதம் புதிய வரிசையில் 120 என்றால் இணைப்புக் காரணி 3. புதிய வரிசையில் ஒரு புள்ளி ஏறினால் பழைய வரிசையில் மூன்று புள்ளி ஏறியதற்குச் சமம். ஒப்பந்தத்தில் "புள்ளிக்கு இவ்வளவு" என்று மட்டும் இருந்து, இணைப்புக் காரணி பற்றி ஒரு வரி இல்லாவிட்டால், பஞ்சப்படி மூன்றில் ஒன்றாகச் சுருங்கும். ஒரே வரியில் தடுக்கலாம்: "குறியீட்டு வரிசை மாற்றப்பட்டால், அரசு வெளியிடும் இணைப்புக் காரணியால் பெருக்கிப் பெறப்படும் எண்ணே கணக்கில் கொள்ளப்படும்."

மேசையில்

குழுவில் ஐந்து முதல் ஏழு பேர். பேசுபவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர். மற்றவர்கள் பேச வேண்டும் என்றால் பேசுபவர் அழைக்க வேண்டும். மேசையில் நமக்குள் கருத்து வேறுபாடு எழுந்தால் பத்து நிமிடம் இடைவேளை கேட்டு வெளியே வாருங்கள். இடைவேளை கேட்பது பலவீனம் இல்லை. மேசையிலேயே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுதான் பலவீனம்.

முதல் அமர்வில் சம்பளம் பேச வேண்டாம். நடைமுறை விதிகளை எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாட்களில் அமர்வு, பேச்சுவார்த்தைக் குழுவினருக்கு அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா, மினிட்ஸ் யார் எழுதுவது, எத்தனையாவது அமர்வுக்குப் பிறகு புதிய கோரிக்கை வைக்கக் கூடாது, வெளியே அறிக்கை கொடுப்பது எப்படி. எல்லாவற்றையும்விட முக்கியம், எதிரே இருப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் உண்டா என்பது. ஹெச்.ஆர். மேலாளர் தலையாட்டிவிட்டு, "தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒவ்வொரு முறையும் எழுந்து போனால், நாம் இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். நமக்கும் இதே கேள்வி பொருந்தும். இறுதி ஒப்புதல் பொதுக்குழுவுக்குத்தான் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் சொன்னால் அது ஏமாற்றாகவே படும்.

செலவில்லாத ஷரத்துகளை முதலில் முடிப்பது பொதுவான பழக்கம். ஒவ்வொன்றும் முடிந்ததும் அந்தத் தாளில் இரு தரப்பும் சுருக்கொப்பம் போட்டுத் தேதி குறிக்க வேண்டும். "எல்லாம் முடியும்வரை எதுவும் முடிந்ததாகாது" என்ற விதி நடைமுறையில் இருந்தால், சுருக்கொப்பம் போட்டதைத் திரும்பத் திறக்கச் சட்டப்படி முடியும். ஆனால் திறப்பவர் அடுத்த அமர்விலிருந்து நம்பிக்கை இழப்பார்.

இறங்கும்போது சும்மா இறங்காதீர்கள். "இரவுப்படியில் நீங்கள் எங்கள் எண்ணுக்கு வந்தால், ஷிப்ட் மாற்ற முன்னறிவிப்பை ஏழு நாளிலிருந்து ஐந்து நாளாக ஏற்கிறோம்" என்று நிபந்தனையோடு கட்டிச் சொல்லுங்கள். அவர்கள் வரவில்லை என்றால் நாமும் இறங்கவில்லை, மினிட்ஸில் அப்படியே இருக்கட்டும். எண்ணில் இறங்கும் அளவையும் எதிர்த்தரப்பு கவனிக்கும். 20இலிருந்து 17, பிறகு 15.5, பிறகு 15 என்று படிகள் சுருங்கினால் தரை பக்கத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளும். 20, 17, 14, 11 என்று சம இடைவெளியில் இறங்கினால் அடுத்து 8 வரும் என்று சும்மா காத்திருக்கும்.

மேசைக்கு வெளியே இரு தலைவர்கள் தனியாகப் பேசுவது நடக்கும், சில முடிச்சுகள் அங்கேதான் அவிழும். அதில் தப்பில்லை. ஆனால் போவதற்கு முன்பும் வந்த பிறகும் குழுவுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போனால் என்ன பேசினார் என்பதைவிட ஏன் மறைத்தார் என்பதே தொழிற்சாலை முழுக்க ஓடும்.

குறிப்பெடுப்பவர் வேலையை யாரும் மதிப்பதில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு ஷரத்தின் பொருள் பற்றி நடுவர் முன் வழக்கு வரும்போது, "இதை எந்த எண்ணத்தில் எழுதினீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் அந்த நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும். தேதி, நேரம், யார் சொன்னது, முடிந்தவரை சொன்ன சொல்லிலேயே. சொந்த விமர்சனம் அதில் வேண்டாம். ஒருநாள் அது எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கைக்கும் போகலாம்.

வாசகம்

"இரவு ஷிப்டில் பணிபுரிவோருக்கு இரவுப்படி வழங்கப்படும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். இரவு ஷிப்ட் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது? மாலை ஷிப்ட் முடிந்து ஓவர்டைமில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிவரை நின்றவருக்கு உண்டா? பாதி ஷிப்டில் உடம்பு சரியில்லாமல் போனவருக்கு முழுப்படியா, பாதியா? சம்பளத்துடன் விடுப்பில் இருக்கும் நாளில் உண்டா? ஓவர்டைம் விகிதம் கணக்கிடும்போது இந்தப் படி சேருமா? எவ்வளவு என்பதே இல்லை. திருத்தி எழுதினால் இப்படி வரும்: "இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் வேலை செய்த ஒவ்வொரு மணிநேரத்துக்கும், ஒரு மணிநேர அடிப்படைச் சம்பளத்தில் 15 சதவீதம் இரவுப்படியாக வழங்கப்படும். அந்த வேலை ஓவர்டைமாக இருந்தாலும் இது பொருந்தும். இந்தப் படி ஓவர்டைம் விகிதக் கணக்கில் சேராது." கடைசி வாக்கியத்தில் நாம் விட்டுக்கொடுத்திருக்கிறோம். பரவாயில்லை, எதை விட்டோம் என்பது எழுத்தில் இருக்கிறது.

வினைச்சொற்களைத் தனியாக ஒருமுறை படியுங்கள். "வழங்கப்படும்" என்பது கடமை. "வழங்கலாம்" என்பது நிர்வாகத்தின் விருப்பம். "பரிசீலிக்கப்படும்", "ஆவன செய்யப்படும்", "முயற்சி எடுக்கப்படும்" எல்லாம் காகிதச் செலவு. "சங்கத்துடன் கலந்தாலோசித்து" என்றால் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்யலாம். "சங்கத்தின் ஒப்புதலுடன்" என்றால் முடியாது. "நாள்" என்று எழுதினால் காலண்டர் நாளா, வேலை நாளா என்று சேர்த்து எழுதுங்கள். "சம்பளம்" என்ற சொல் ஒப்பந்தத்தில் பத்து இடத்தில் வந்தால், முதல் பக்கத்திலேயே அதில் எதெல்லாம் அடக்கம் என்று வரையறை இருக்க வேண்டும். இரண்டு மொழியில் ஒப்பந்தம் எழுதினால், முரண்பாடு வந்தால் எந்த மொழி வாசகம் செல்லும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

பதிலுக்கு நிர்வாகம் கேட்பது பெரும்பாலும் உற்பத்தி. ஷிப்டுக்கு 400 என்று இருந்ததை 460 ஆக்கு என்பார்கள். மறுக்க வேண்டும் என்று இல்லை, அளக்க வேண்டும். இப்போதைய 400 எந்த மாதங்களின் சராசரி? புதிய எண் எந்த மெஷினில், எந்த மூலப்பொருளில், எத்தனை ஆட்களுடன்? மெஷின் பழுது, மின்தடை, பொருள் வராமை ஆகிய நேரம் கழிக்கப்படுமா, யார் பதிவு செய்வது? இரு தரப்பும் சேர்ந்து நான்கு வாரம் அளந்து பார்த்த பிறகே எண் நிலைக்கும் என்ற ஷரத்து இல்லாமல் இதை ஏற்றால், ஆறாவது மாதம் எட்டாத எண்ணுக்காக மெமோ வரத் தொடங்கும்.

புதிதாகச் சேருபவருக்கு மட்டும் குறைந்த சம்பளத் தட்டு என்ற யோசனை எல்லா மந்தக் காலத்திலும் வரும். இன்றைய உறுப்பினர் யாருக்கும் நட்டம் இல்லை, எதிர்க்க ஆளே இருக்காது. எட்டுப் பத்து வருடத்தில் குறைந்த தட்டில் இருப்பவர்களே பெரும்பான்மை ஆவார்கள். தங்களை விற்றுக் கையெழுத்து போட்ட சங்கம் என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். வேறு வழியே இல்லை என்ற நெருக்கடி வந்தால், எத்தனை மாதத்தில் மேல் தட்டோடு சேருவார்கள் என்ற தேதியை எழுதாமல் ஏற்க வேண்டாம்.

யாரைக் கட்டுப்படுத்தும், எவ்வளவு காலம்

இது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் சட்டத்தைப் படித்தே ஆக வேண்டும். பொதுவான கொள்கை சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1951ஆம் ஆண்டு 91ஆவது பரிந்துரையில் இருக்கிறது: கூட்டு ஒப்பந்தத்துக்கு முரணான தனிநபர் ஒப்பந்தம் செல்லாது, ஆனால் தொழிலாளிக்கு அதிகம் சாதகமாக இருந்தால் அது முரண் ஆகாது. ஆனால் நடைமுறை பலவிதம். பிரிட்டனில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி, சட்டப்படி கட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் அது நீதிமன்றத்தில் கட்டாது. ஜெர்மனியில் காலம் முடிந்த பிறகும், வேறொன்று வரும்வரை பழைய விதிகள் தொடரும். ஒப்பந்தக் காலத்தில் அதில் தீர்ந்த விஷயத்துக்காக வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. இந்தியாவில் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், 2025 நவம்பரில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை, வைத்திருந்த பாகுபாடு சங்க வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்: இரு தரப்பும் தாங்களாகப் போட்ட 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டியது, சமரச அதிகாரி முன்னிலையில் போட்ட 12(3) ஒப்பந்தம் அங்கே வேலை செய்யும் எல்லோரையும், பின்னால் சேருபவரையும் கட்டியது.

எந்த நாடாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் மூன்று வரி வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. முடிந்த பிறகு புதியது வரும்வரை பழைய நிபந்தனைகள் தொடருமா. இதில் சொல்லப்படாத தற்போதைய நடைமுறைகள் என்ன ஆகும். மூன்றாவது வரி இல்லாததால், வருடக்கணக்காக இருந்த டீ இடைவேளை ஒரு திங்கட்கிழமை காலையில் காணாமல் போகும்.

முட்டி நின்றால்

முட்டுக்கட்டை வந்தால் வேலைநிறுத்தக் கணக்கையும் உணர்ச்சி இல்லாமல் போட வேண்டும். மாதம் 26 வேலை நாள் என்றால் வருடம் 312. ஒரு நாள் வேலைநிறுத்தம் வருடச் சம்பளத்தில் 0.32 சதவீதம். பத்து நாள் என்றால் 3.2. அந்தப் பத்து நாளால் முதல் வருட உயர்வு 4இலிருந்து 5 ஆனால், மூன்று வருடத்தில் திரும்பி வருவது 3 சதவீதமும் கொஞ்சமும். போட்டதும் எடுத்ததும் ஏறக்குறையச் சரி. உயர்வு அடிப்படையிலேயே நிற்பதால் அடுத்த ஒப்பந்தத்திலிருந்து லாபம். இதைச் சொல்லிவிட்டு வாக்கெடுப்பு நடத்துங்கள். நிர்வாகத்தின் பக்கமும் எண்ணுங்கள். குடோனில் இருபது நாள் சரக்கு இருக்கும்போது பத்து நாள் வேலைநிறுத்தம் அவர்களுக்குச் சேமிப்பு. பேச்சுவார்த்தைக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ஓவர்டைம் திடீரென்று ஏறினால், சரக்குக் குவிகிறது என்று பொருள்.

சமரசக்காரர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், இரு அறைக்கும் நடந்து தூரத்தைக் குறைப்பார். நடுவரிடம் போனால் முடிவு கையை விட்டுப் போய்விடும். நடுவர் வழக்கமாக நடுவில் வெட்டுவார் என்று தெரிந்தால் இரு தரப்பும் உச்சத்திலேயே நிற்கும். அதற்கு மாற்றாக, இரண்டு இறுதிக் கோரிக்கைகளில் ஒன்றை மட்டும் அப்படியே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நடுவரைக் கட்டும் முறை உண்டு. அப்போது அதீதமாகக் கேட்பவர் தோற்பார், அதனால் இரண்டும் முன்கூட்டியே பக்கத்தில் வரும்.

கையெழுத்துக்குப் பிறகு

பொதுக்குழுவில் முழு வாசகத்தையும் படித்துக் காட்டி, அதில் விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லி, ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். விட்டதை மறைத்தால் முதல் சம்பள நாளில் தெரிந்துவிடும்.

நிலுவைத் தொகை பற்றி ஒப்பந்தத்திலேயே முடிந்திருக்க வேண்டியவை: எந்தத் தேதிமுதல், இடையில் ஓய்வு பெற்றவருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் உண்டா, அந்தக் காலத்து ஓவர்டைமும் திரும்பக் கணக்கிடப்படுமா, எந்தத் தேதிக்குள் பட்டுவாடா. குறைதீர்க்கும் படிகளுக்கு நாள் குறித்திருக்க வேண்டும்: மேற்பார்வையாளருக்கு 3 வேலை நாள், துறைத் தலைவருக்கு 7, கூட்டுக் குழுவுக்கு 10, அதற்கும் தீராவிட்டால் நடுவர். ஒரு படியில் பதில் வராவிட்டால் தானாக அடுத்த படிக்குப் போகும் என்ற வரி இல்லை என்றால், குறை முதல் மேசையிலேயே தூங்கும்.

புதிய சம்பளம் ஏறிய முதல் மாதம் பத்துப் பே ஸ்லிப்பை வாங்கிக் கையால் கணக்குப் பாருங்கள். சும்மா பத்து இல்லை: ஒவ்வொரு கிரேடிலும் ஒன்று, இரவு ஷிப்ட் போட்டவர் ஒன்று, ஓவர்டைம் அதிகம் உள்ளவர் ஒன்று, சம்பளம் இல்லா விடுப்பு எடுத்தவர் ஒன்று, மாத நடுவில் கிரேடு மாறியவர் ஒன்று, நிலுவை வாங்கிய ஓய்வுபெற்றவர் ஒன்று. தப்பு வருவது பெரும்பாலும் இந்த ஓரத்து ஆட்களிடம்தான், ஏனென்றால் சம்பள சாஃப்ட்வேரில் விதியை ஏற்றியவர் நடுவில் இருப்பவரை வைத்துத்தான் சோதித்திருப்பார். வித்தியாசம் இருந்தால் அந்த வாரமே கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மூன்று நான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டால், இப்படித்தான் கணக்கிடுவது என்று சங்கமும் ஏற்றுக்கொண்டதாக நடுவர் முன் வாதம் வரும்.